கூட்டத்தின் வால்

போன வாரம் மைக் கதவைச் சாத்திய சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். அந்த வீட்டில் அதற்குப் பிறகு வேறு சத்தமே கேட்கவில்லை என்பதால் அதை மறப்பதும் கஷ்டம்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. டீசல் ஒரு சைக்கிள் பந்தய வீரன். கிளம்ப நேரமாகும், கிளம்பிவிட்டால் நிற்க மாட்டான் என்று கூட ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது. அவன் மனைவிக்கு மைக் என்று பெயர் வைத்ததும் அதே கும்பல்தான். பந்தயத் தளத்தின் ஓரத்தில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், எதிர்ப்பக்கம் டீ விற்கிறவர்கூடக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

உள்ளூரில் டீசல் ஓட்டிய எல்லாப் பந்தயத்திலும் அந்தக் குரல் இருந்திருக்கிறது. போன வாரம்தான் அவன் அந்த வார்த்தையை விட்டான். நீ கத்துவதால்தான் நான் தோற்கிறேன், இந்தப் பந்தயத்துக்கு நீ வரவே வேண்டாம் என்றான்.

சண்டையின் வேர் கத்தல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சர்வதேசப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு வெளிநாட்டு அணி அவனை எடுத்துக்கொள்ளும். ஒரு வருடம் அங்கேதான் வாசம். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது; அதில் பாதியை மைக் ஏற்கெனவே தனியாகத்தான் ஓட்டியிருக்கிறாள். இந்த முறை போகாதீங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கிறவள் அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவன் காதில் அது விழவில்லை.

பந்தய நாள் காலையில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடாமல், அந்தச் சின்ன வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமானவர்களுக்கு மட்டுமே கைவருகிற வித்தை இது. அவன் சமையலறைக்குள் வந்தால் அவள் பால்கனியில் இருந்தாள். அவன் பால்கனிப் பக்கம் போனால் அவளுக்கு அலமாரியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

டீசல் கையுறையைத் தேடினான். பைக்குப் பக்கத்திலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவனா மடித்தான்? அவனுக்குக் கைக்குட்டை மடிக்கவே தெரியாது. ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினான். அதற்குள் குளியலறைக் கதவு மூடி, குழாய் திறந்துவிட்டது.

"கிளம்பறேன்" என்றான், மூடிய கதவைப் பார்த்து.

தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் கூடியது. அவ்வளவுதான் பதில்.

உள்ளே மைக் குளிக்கவில்லை. வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் குழாயை மூடினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. துண்டை எடுத்துக் காய்ந்த முகத்தையே துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டீசலின் அக்கா அதற்கு முன்பே பந்தயத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் வளைக்கிற வேலை அவளுக்கு. லீவு நாட்களில் சைக்கிள் பந்தய நடுவர். சம்பளம் இல்லாத அந்த வேலையில் இருக்கிற கறார், சம்பளம் வாங்குகிற வேலையில் கிடையாது. கடையில் யாராவது முகத்தைத் தொங்கப் போட்டால் விலையைக் குறைத்துவிடுவாள். இங்கே முகத்தைப் பார்ப்பதே இல்லை, முதுகில் இருக்கும் எண்ணோடு சரி.

தம்பி ஓடும் பந்தயத்தில் தான் உட்காரக் கூடாது என்று அவளே போய்த் தலைமை நடுவரிடம் சொன்னாள். இன்னொரு நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், வேறு ஆளுக்கு எங்கே போவது என்று அவர் கையை விரித்தார். பிறகு எல்லா அணிக்காரர்களையும் கூப்பிட்டு, இன்னார் இன்னாருக்கு அக்கா என்பதைச் சொன்னார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. டீசலின் புதுப் பயிற்சியாளர் மட்டும் அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நம்ம ஆள் என்கிற சிரிப்பு. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

அவளுக்குக் கொடுத்த வேலை, கூட்டத்தின் வாலைப் பார்ப்பது.

அதென்ன வால் என்பீர்கள். பந்தயத் தளம் மரப்பலகையால் செய்த பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும். அதன் சரிவில் இருபதுக்கு மேற்பட்ட சைக்கிள்கள் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. மிதிப்பதை நிறுத்தவும் முடியாது; சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும். நடுநடுவே மணி அடிக்கும்போது முந்துகிறவர்களுக்குச் சில்லறைப் புள்ளிகள் கிடைக்கும்.

பெரிய புள்ளி வேறொன்றுக்கு. கூட்டத்திலிருந்து கழன்று, தனியாக முன்னால் ஓடி, வளையம் முழுக்கச் சுற்றி, அதே கூட்டத்தைப் பின்னாலிருந்து வந்து பிடித்துவிட்டால் மொத்தமாக இருபது. பிடிப்பது என்றால் கூட்டத்தின் கடைசிச் சக்கரத்தோடு போய் ஒட்ட வேண்டும். களைத்துப்போய்ப் பின்தங்கியவர்கள் நடுவில் உதிரியாக ஓடிக்கொண்டிருப்பார்கள், அவர்களோடு ஒட்டினால் செல்லாது. யார் கூட்டம், யார் உதிரி, வால் எங்கே முடிகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்ல ஒருத்தர் வேண்டும். இன்றைக்கு அது அக்கா.

மைக் வேலைக்குப் போய்விட்டாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்கிற இடம் அது. மேசை முழுக்க யார் யாருடைய தாடைகளோ வரிசையாக இருக்கும். ஆளே இல்லாமல் பல் மட்டும் இளிக்கிற அந்த அறையில் புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். மைக்குக் கவலையில்லை, அவளுக்கு அவை பழகிய முகங்கள்.

முதலாளியம்மா இன்றைக்கா வேலைக்கு வந்தாய் என்று வியந்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். வேண்டாம் மேடம், அங்கே என்ன புதுசா, அதே வட்டத்தைத்தான் சுத்துவாங்க என்று மைக் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மெழுகைச் சூடாக்கி, ஒரு பெரியவருக்கான பல்வரிசையை அடுக்க உட்கார்ந்தாள். அடுக்கி முடித்துப் பார்த்தால், வலப்பக்கக் கடைவாய்ப்பல் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட அவள் செய்யாத தப்பு.

பிடுங்கினாள். மறுபடி அடுக்கினாள். மறுபடி தப்பாக வந்தது. எழுந்து மேல்கோட்டைக் கழற்றி மாட்டினாள். தலைவலி என்று சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய தூசி மாஸ்க்கைக் கழற்ற மறந்து, அப்படியே பஸ் ஏறினாள்.

கீழே ஓரத்தில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரோ நின்றிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மேலே, கூரைக்குக் கீழே, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருபுறமும் காலி நாற்காலிகள். வராதே என்று சொன்னவனுக்குத் தெரியாமல் வந்து பார்ப்பதில் ஒரு வெட்கம் இருந்தது. மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பந்தயம் பாதியைத் தாண்டும்வரை டீசல் கூட்டத்துக்குள்ளேயே கிடந்தான். எஞ்சின் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று அவன் அணிக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி அடித்து ஓய்ந்த பிறகு, முந்தி ஓடியவர்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவன் சரிவின் மேலே ஏறி, அங்கிருந்து சறுக்கி இறங்கி, ஒரே அழுத்தில் பிரிந்து போனான்.

கால் சுற்று முன்னால். பிறகு அரைச் சுற்று.

அரைச் சுற்றில்தான் சங்கடம் இருக்கிறது. முன்னால் பார்த்தால் யாருமில்லை, பின்னால் பார்த்தாலும் யாருமில்லை. கூட்டம் வளையத்தின் எதிர்ப்பக்கத்தில், அவனுக்குச் சம்பந்தமே இல்லாதது போல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இருக்கிறவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பித்துக்கொள்வார்கள். இவனுக்கு ஒதுங்க முதுகு கிடையாது. காற்று முழுக்க இவன் முகத்துக்குத்தான்.

ஓரத்தில் மைக் நின்றிருந்தால் இந்த இடத்தில்தான் ஆரம்பிப்பாள். ஜெயிச்சிடுங்க, விடாதீங்க என்று பொதுவாகக் கத்துகிற ஆள் இல்லை அவள். 'அரை இருக்கு', 'கால்தான் இருக்கு', 'இன்னும் சேரல, இன்னும் சேரல' என்று கணக்குச் சொல்லிக் கத்துவாள். குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இந்த எட்டு வருடத்தில் அது உதவி என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. காதைக் குடைகிற சத்தம் என்றுதான் தோன்றியிருக்கிறது.

இன்று கேட்ட அமைதி கிடைத்தது. அரங்கம் முழுக்க ஆரவாரம், ஆனால் அதில் ஒரு குரலும் அவனுக்கானது இல்லை. அழுத்தி மிதித்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு மிதித்தாலும் அதே இடத்தில் இருப்பது போலவே இருந்தது. இந்த உலகத்தில் தனக்கென்று யாருமே இல்லை என்று திடீரென்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் நினைத்தான்.

அந்த நேரத்தில்தான் கூட்டம் உடைந்தது. முன்னால் இருந்தவர்கள் வேகத்தைக் கூட்டவும், கடைசியில் ஐந்து பேர் தாங்க முடியாமல் பிய்ந்து பின்தங்கினார்கள். ஐந்து பேருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு பஸ் நிற்கிற அளவு இடைவெளி விழுந்தது.

டீசலின் கண்ணில் வியர்வை. முன்னால் முதுகுகள் தெரிந்தன. ஒரு கடைசிச் சக்கரம் தெரிந்தது. உடம்பில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டி அந்தச் சக்கரத்தோடு போய் ஒட்டினான். காற்று சட்டென்று நின்றது. யாரோ ஒருவனின் முதுகு அவனுக்குக் கிடைத்துவிட்டது.

நடுத் திடலில் நின்ற பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாவம், அவரும் அதைக் கூட்டம் என்றுதான் நினைத்தார்.

டீசல் தலையைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்து, ஒருமுறை சிரித்தான்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் வாலில் இருந்தது. வால் இருந்த இடம் வேறு, தம்பி இருந்த இடம் வேறு. இன்னும் கொஞ்சம்டா, இன்னும் ஒரு அழுத்து என்று மனசுக்குள் சொன்னாள். உதடு அசைந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நடுவர் ஒரு புருவத்தை உயர்த்தினால்கூடத் தப்பு. சின்ன வயதில் அவன் முதல்முதலாகச் சைக்கிள் ஓட்டியபோது பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேலே மைக் எழுந்து நின்றுவிட்டாள்.

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் முழுக்கத் தெரியும். ஐந்து பேர், அவர்கள் பின்னால் தன் புருஷன், அவர்களுக்கு முன்னால் ஒரு வெற்றுப் பலகை, அதற்கு முன்னால் கூட்டம். குழந்தைக்குக்கூடப் புரிகிற காட்சி. அவன் திரும்பிச் சிரித்ததையும் பார்த்தாள்.

மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். 'இன்னும் சேரல' என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றது.

ஒரு சுற்று போனது. இடைவெளி அப்படியேதான் இருந்தது, ஒரு அழுத்தில் தாண்டிவிடலாம். இன்னொரு சுற்று போனது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பின்னால் யாரும் இல்லாததால் உட்காரச் சொல்லவும் ஆள் இல்லை.

பிறகு கூட்டம் வேகமெடுத்தது. ஒரு பஸ் இடைவெளி ஒரு தெரு இடைவெளியாயிற்று. மைக் உட்கார்ந்தாள். மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தன் கணக்கில் இருபது ஏறவில்லை என்பதைப் புள்ளிப் பலகையைப் பார்த்து டீசல் தெரிந்துகொண்டபோது கால் செத்துப்போயிருந்தது. ஏறிவிடும், தாமதமாகிறது என்று இன்னும் சில சுற்று நம்பினான். அதற்குள் வேறு இருவர் முன்னால் பிரிந்து போய் உண்மையான வாலைப் பிடித்துவிட்டார்கள். கடைசியில் அவனுக்கு ஐந்தாவது இடம். அந்த இருபது இருந்திருந்தால் இரண்டாவது.

பயிற்சியாளர் நடுவர் மேசைக்கு ஓடி வந்தார். என் ஆள் சேர்ந்துவிட்டான், என் கண்ணால் பார்த்தேன் என்றார். தலைமை நடுவர் படப்பதிவைப் போட்டுப் பார்த்தார். கேமரா முன்னால் ஓடுகிறவர்களையே காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கிடப்பவர்களை யார் படம் பிடிப்பார்கள்?

தலைமை நடுவர் அக்காவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவளுக்கு ஒரு வழியும் திறந்து வைத்தார். உறுதியாகத் தெரியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் ஓட்டியவனுக்குத்தான் கொடுப்போம் என்றார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பியும் நின்றான்.

"சந்தேகம் இல்ல சார். சேரல" என்றாள் அக்கா.

முடிவு அறிவித்துக் கையெழுத்தும் ஆன பிறகு, வீரர்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே அவனுக்காகக் காத்து நின்றாள். அதற்கு முன்னால் பேசக் கூடாது என்பது விதி. பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவன் வெளியே வந்ததும் அதெல்லாம் கலைந்துபோனது.

"நான் ஒட்டினேன்க்கா" என்றான்.

"உதிரியோட ஒட்டினடா."

"சந்தேகம்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாய் வரல."

"இருந்தாத்தானேடா சொல்ல முடியும்?"

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"சரி. இனிமே எனக்கு நடுவராவே இருந்துக்கோ. அக்காவா இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அக்கா பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். தனியாள் வீடு. கதவைத் திறந்ததும் விளக்கைப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியைச் செய்துவிட்டும் மனசு ஆறவில்லை என்றால் என்னதான் செய்வது? யாரையாவது கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கிற ஆள் எப்போதும் தம்பிதான்.

மைக் அவனுக்கு முன்பே வீடு வந்து, உடை மாற்றி, சமைத்தும் முடித்திருந்தாள். வேலையிலிருந்து வந்தவள் போலவே இருந்தாள். டீசல் உள்ளே வந்து பையை மூலையில் போட்டபோது, என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேட்கும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அவன் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். மாதக்கணக்கில் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினான். பயிற்சியாளர் விரலை உயர்த்தியது, பலகையில் புள்ளி ஏறாதது, அக்கா எல்லார் முன்னாலும் தன்னைக் கவிழ்த்தது. நேர்மையான நடுவர் என்று பேர் வாங்க வேண்டும், அதற்குத் தம்பியை வெட்டிப் போட்டுவிட்டாள் என்றான். சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவள் எதிர்பார்க்காததைச் சொன்னான்.

"உன்னை வராதன்னு சொன்னது தப்பு. அரைச் சுத்து முன்னால தனியா போயிட்டிருந்தப்ப எனக்கு உன் குரல் வேணும்போல இருந்துச்சு. இனிமே எங்கயும் போகல. இங்கயே ஓட்டறேன். நீ எவ்வளவு வேணா கத்து."

எட்டு வருடமாக மைக் எதைக் கேட்க ஆசைப்பட்டாளோ, அது தானாக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். புருஷன் வீட்டில், வருத்தத்தோடு, அன்போடு, நிரந்தரமாக.

சந்தோஷம் வர வேண்டும். எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவன் போனைக் கையில் எடுத்தான். பயிற்சியாளர் மேலிடத்தில் புகார் கொடுக்கப் போகிறார் என்றான். சொந்தப் பகையில் தம்பியின் புள்ளியை மறுத்தாள் என்று சொல்லப் போகிறார்கள். பாதிக்கப்பட்டவன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், அக்கா இனி எந்தப் பந்தயத்திலும் நடுவராக உட்கார முடியாது.

"நானும் சந்தேகம் இல்லன்னு சொல்லப் போறேன்" என்று எண்ணைத் தேடினான்.

"போடாதீங்க" என்றாள் மைக்.

அவன் நிமிர்ந்தான்.

"உங்க அக்கா சொன்னது சரி. நீங்க சேரல."

உனக்கு என்ன தெரியும், நீ தாடை செய்துகொண்டிருந்தாய் என்று அவன் எரிச்சலோடு ஆரம்பித்தான். அவள் முடிக்க விடவில்லை.

"நான் அங்கதான் இருந்தேன். மேல, கடைசி வரிசையில. நீங்க ஒட்டினது அஞ்சு பேரோட. கூட்டம் அவங்களுக்கு முன்னால போயிட்டிருந்துச்சு. நீங்க பின்னால திரும்பிப் பாத்துச் சிரிச்சீங்க."

அந்தச் சிரிப்பைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிரித்தது அவனுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. போனைப் பிடித்திருந்த கை மெல்ல மடியில் இறங்கியது. அக்கா நடுவர் மேசைக்கு முன்னால் நின்ற விதம் கண்முன் வந்துபோனது. அவளிடம் தான் சொன்ன கடைசி வாக்கியமும் வந்தது.

பிறகு பேசியபோது அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"நான்தானே கத்தாதன்னு சொன்னேன். சொன்னதை மதிச்சு நீ சும்மா இருந்துட்ட. அவ்வளவுதானே?"

நல்ல சாக்கு. அவனே நீட்டுகிறான், ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் அதைப் பார்த்தாள். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதே சாக்கை அவளும் தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"இல்ல" என்றாள். "நீங்க சொன்னது எனக்கு அப்ப ஞாபகத்துலயே இல்ல. வாயைத் திறந்துட்டேன்."

"கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

"தெரியும். கேட்டா நீங்க சேந்துடுவீங்க. சேந்தா ஜெயிச்சுடுவீங்க. ஜெயிச்சா போயிடுவீங்க."

டீசலின் மடியில் போன் அடித்தது. பயிற்சியாளர். அவன் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. யாரோ புதிதாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.